மேனேஜ்டு கேர்ல, அதாவது காப்பீட்டுத் திட்டமே வைத்தியத்தையும் செலவையும் கட்டுப்படுத்தற முறையில, செலவைக் குறைச்சா வைத்தியத்தோட தரமும் குறைஞ்சிடுமா?

எல்லாருக்கும் குறையாது, ஆனா சிலருக்குக் குறையுது, அதான் கவலையே. அமெரிக்காவுல ராண்ட் நிறுவனம் 1970கள்ல ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சுது, அதுல சியாட்டில்ல கொஞ்சம் பேரை குலுக்கல் முறையில குரூப் ஹெல்த்ங்கற ஹெச்எம்ஓவுல (காப்பீடும் வைத்தியமும் சேர்த்தே தர்ற ஒரு வகை மேனேஜ்டு கேர் அமைப்பு) சேர்த்துவிட்டாங்க, அங்க ஆளுக்கு இவ்வளவுன்னு முன்னாடியே பணம் வந்துடும், டாக்டருக்கு சம்பளம், அதனால சும்மா அட்மிட் பண்ணி யாருக்கும் லாபமில்ல. இன்னொரு குரூப் இஷ்டப்பட்ட டாக்டர்கிட்ட இலவசமா போனாங்க. ஹெச்எம்ஓ பக்கம் ஆஸ்பத்திரி அட்மிஷன் கிட்டத்தட்ட 40 சதவீதம் கம்மி, செலவும் கால்வாசிக்கு மேல குறைஞ்சுது, சராசரியா பாத்தா உடம்புக்கு பெரிய கேடு எதுவும் தெரியல. என்னைக் கேட்டா இந்த சராசரியோட நிறுத்திக்கவே கூடாது, ஏன்னா ஹெச்எம்ஓவுல சேரும்போதே நோயோட இருந்த ஏழைங்களைத் தனியா பிரிச்சுப் பாத்தப்போ, இலவச குரூப்ல இருந்த அதே மாதிரி ஆளுங்களவிட இவங்கதான் முடியாம படுத்துக் கிடந்த நாள் அதிகம்.