ஒருமுறை அம்மை வந்தால் எதிர்ப்பு சக்தி வந்துவிடும், மறுபடி வரவே வராது என்கிறார்களே, உண்மையா?

உங்கள் வீட்டில் இப்போது யாருக்கோ போட்டிருக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நானும் 46 வயது வரை "வராது" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் வகுப்பில் சின்னம்மை போட்டு, வேப்பிலையில் கிடந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய ஆள். அப்புறம் தம்பிக்குப் போட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினேன். ஒட்டவில்லை.

போன ஐப்பசியில் வலது விலாவில் எரிச்சல். தோலில் ஒன்றும் இல்லை, ஆனால் சட்டை உரசினாலே சுரீர் என்றது. வாயு என்று பூண்டு மென்றேன். மூன்றாம் நாள் முதுகிலிருந்து மார்பு வரை பட்டையாகக் கொப்புளம். நடு நெஞ்சில் கோடு கிழித்தாற்போல நின்றுவிட்டது, இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. அம்மா பார்த்ததுமே, "அக்கிடா" என்றார். ஊரிலிருந்து குயவரை வரவழைத்து, நாட்டு வைத்தியமாக உடம்பில் காவியால் சிங்கம் எழுதினார்கள். கேலி செய்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம், எழுதியதும் குளுகுளுவென்றுதான் இருந்தது. எரிச்சல்தான் போகவில்லை.

தோல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, அக்கியும் அதே சின்னம்மைக் கிருமிதான். அம்மை இறங்கினாலும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. வெள்ளையணுக்களில் டி செல் என்று ஒரு வகை, அதைத் தலையெடுக்க விடாமல் அடக்கி வைத்திருக்கும். வயது, சர்க்கரை, ஸ்டீராய்டு என்று ஏதாவது ஒன்றால் அந்தப் பிடி தளர்ந்தால், கிருமி ஒரே நரம்பு வழியாகத் தோலுக்கு வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் பட்டை போடுவது அதனால்தான். எனக்குச் சர்க்கரை.

ஆக, வெளியிலிருந்து மறுபடி சின்னம்மை ஒட்டுவது அபூர்வம். உள்ளே இருப்பது அக்கியாக வரலாம். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மாதிரி மருந்து தொடங்கினால் நல்லது. நான் சிங்கத்தை நம்பி ஐந்தாம் நாள் போனேன், எரிச்சல் நாலு மாதம் இருந்தது. அந்தக் கொப்புள நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மையே வரலாம். கைக்குழந்தை, கர்ப்பிணி பக்கம் போகாதீர்கள்.

இதை நான் வேலை பார்த்த இடத்தில் சொன்னால், "அம்மைக்குத்தான் லீவு, அக்கிக்குக் கிடையாது" என்றார்கள். சர்டிபிகேட் கொடுத்தும் 6 நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். மேலாளர் மச்சான் கல்யாணத்துக்குப் பத்து நாள் போனாரே, அது எந்தக் கணக்கு?