பகுதிநேரமாகப் படையில் இருப்பவர்கள் தங்களைச் சிப்பாய் என்று நினைப்பார்களா?

கட்டாயத்தில் போனவரா, தானாகச் சேர்ந்தவரா என்பதைப் பொறுத்தது. நான் இருப்பது யாழ்ப்பாணத்தில், எந்தப் படையிலும் இருந்ததில்லை. ஆனால் அக்காவின் மகன் சுவிஸில் பிறந்தவன். அங்கே குடியுரிமை உள்ள ஆண்பிள்ளைகளுக்குப் படைச்சேவை கட்டாயம். முதலில் 18 கிழமை பயிற்சி, பிறகு சில வருடங்களுக்கு ஆண்டுதோறும் 3 கிழமை. மற்ற நாளெல்லாம் அவன் எலெக்ட்ரீசியன். படைக்குப் போக மனம் ஒப்பாதவர்கள் ஒன்றரை மடங்கு நாட்கள் பொதுச்சேவை செய்யலாம். இரண்டும் செய்யாதவர்களிடம் பெரும்பாலும் அதற்கென்றே ஒரு வரி வாங்குவார்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது போனில் ஒரு படம் காட்டினான். குளிர்ச்சட்டைகள் தொங்கும் அலுமாரிக்குள் சாத்திவைத்த துவக்கு. அங்கே அதை வீட்டிலேயே வைத்திருக்கலாம். தோட்டாவைத்தான் இப்போது கொடுத்துவிடுவதில்லை.

"நீ ஆமியோடா?" என்று கேட்டார் அம்மம்மா.

"இல்லை அம்மம்மா, வருசத்தில மூண்டு கிழமை போய் வாறது."

அம்மம்மாவுக்கு விளங்கவில்லை. அவர் கண்ட சீருடைக்காரர்கள் சோதனைச்சாவடியில் நின்றவர்கள். சீருடையைக் கழற்றிவிட்டு வயரிங் வேலைக்குப் போகிற ஆளை அவர் எங்கே கண்டார்? அக்காவும் ஊரில் யாரும் கேட்டால் "வேலை விசயமா வெளியில போட்டான்" என்றுதான் சொல்லுவா.

அவனுக்கு அதில் பெரிய பெருமையுமில்லை, வெட்கமுமில்லை. சம்பளத்தில் 80 வீதம் ஈட்டுத்தொகையாக வருகிறது, முதலாளிதான் ஆள் இல்லையென்று முணுமுணுப்பாராம். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்: பள்ளிக்கூடத்தில் "நீ எந்த நாடு?" என்று கேட்டவர்கள் உண்டு, படையில் ஒருவரும் கேட்கவில்லை. நெஞ்சில் ஒட்டிய எங்கள் நீளப் பெயரை வாசிக்கத்தான் சார்ஜன்ட் தடுமாறுவாராம். என்னைக் கேட்டால், அவனுக்கு அந்தச் சேவையில் கிடைத்தது சிப்பாய் என்ற அடையாளம் அல்ல, சுவிஸ்காரன் என்ற அடையாளம்.

பிரித்தானியாவில் கதை வேறு. 2014 வரை டெரிட்டோரியல் ஆர்மி என்றிருந்து இப்போது ஆர்மி ரிசர்வ் ஆகிவிட்ட படையில் விரும்பியவர்தான் சேர்கிறார். வார இறுதியை விட்டுக்கொடுத்துத் தானாகப் போகிறவர், அலுவலகத்தில் இருக்கும்போதும் தன்னைச் சிப்பாயாக நினைப்பதில் வியப்பில்லை.

எங்கள் நாட்டிலும் 1881இல் தொடங்கிய தொண்டர் படை மரபு உண்டு. ஆனால் போர்க்காலத்தில் அதன் பிரிவுகள் பல முழுநேரமாகவே களத்தில் நின்றன. அம்மம்மாவின் சாவடியில் நின்றவர் தொண்டர் படையா, நிரந்தரப் படையா என்று அவரிடம் யார் கேட்டிருப்பார்கள்?