கிளாரினெட்டில் ஏ-யிலிருந்து பி-க்குத் தாவும்போது மட்டும் கீச்சிடுகிறதா?

ரீடை (ஊதும் வாயில் பொருத்தும் மெல்லிய நாணல் தகடு) இனி மாற்றாதீர்கள். மூன்று பெட்டி ரீட் தீர்ந்தும் நடு ஏ-யிலிருந்து பி-க்குப் போகும் அந்த ஒரே இடத்தில்தான் கீச்சிடுகிறது என்றால், சிக்கல் பெரும்பாலும் விரலில். உதட்டை இறுக்கச் சொல்லும் ஆசிரியர், தளர்த்தச் சொல்லும் ஆசிரியர் இருவரையும் ஒரு வாரம் மறந்துவிடுங்கள்.

ஏ-க்கு இடது ஆள்காட்டி விரல் ஒரு சாவியைத் தொட்டால் போதும். பி-க்கோ எல்லாத் துளைகளையும் மூடி, சுண்டுவிரல் சாவியையும், சுரத்தை மேலே தாவ வைக்கும் ரெஜிஸ்டர் சாவியையும் அழுத்த வேண்டும். அந்த அவசரத்தில் வலது மோதிர விரல் துளையை முழுசாக மூடாமல் போகும். நூலளவு இடைவெளி போதும், கீச்!

இப்படிச் சோதியுங்கள்: கீழ் ஈ-யை நிதானமாக ஊதுங்கள். உடன் படிப்பவர் யாராவது ரெஜிஸ்டர் சாவியை மட்டும் அழுத்தட்டும். நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம். கிளாரினெட் ஆக்டேவுக்குத் (எட்டாம் சுரத்துக்குத்) தாவாது, பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். அதனால் அதே விரலமைப்பில் பி வரும். சுத்தமாக வந்தால் உதடும் காற்றும் சரி.

அப்புறம், ஏ வாசிக்கும்போதே வலது கை விரல்களைத் துளைகளில் வைத்துவிடுங்கள். சுருதி பெரிதாக மாறாது, மேடையில் வாசிப்பவர்களும் செய்வதுதான்.

ஆனால் கீழ் ஈ-யே தடுமாறினால் விரலைக் குறை சொல்ல முடியாது. கீழ்ப் பகுதியைக் கழற்றி, துளைகளையும் சுண்டுவிரல் சாவியையும் மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து உறிஞ்சிப் பாருங்கள். உறிஞ்சிய இழுப்பு தங்கவில்லையா? பேட் (சாவிக்கு அடியில் துளையை மூடும் மெத்தை) கசிகிறது, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.