பொதுமன்னிப்புச் சட்டத்தை எதிர்த்து வெளியே போய் ஜெயிக்க முடியுமா?

கேள்வி: சொந்த நாட்டு நாடாளுமன்றமே நிறைவேற்றிய பொதுமன்னிப்புச் சட்டத்தை, வட்டார மனித உரிமை நீதிமன்றத்தில் எதிர்த்து ஜெயிக்க முடியுமா?

முடியும். தென் அமெரிக்க நாடான பெருவில் ஜெயித்தார்கள். ஆனால் அந்த வழக்கு வெளியூரில் ஜெயித்ததற்கு முதல் காரணம், உள்ளூரில் ஒரு நீதிபதி மசியாமல் நின்றதுதான் என்பேன்.

1991 நவம்பர் 3, பெருவின் தலைநகர் லிமாவில் பாரியோஸ் ஆல்டோஸ் பகுதி. குடியிருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கக் காசு சேர்க்கணும் என்று கோழி சமைத்து விற்று ஒரு விருந்து வைத்திருந்தார்கள். இரவு முகமூடியோடு ஆறு பேர் புகுந்து, எல்லோரையும் தரையில் படுக்க வைத்துச் சுட்டார்கள். இறந்தவர்கள் 15 பேர். அதில் ஒருவன் 8 வயதுப் பையன். போலீஸ் பிறகு பொறுக்கியெடுத்த தோட்டா உறைகள் மட்டும் 111. சுட்டது ராணுவ உளவுப் பிரிவைச் சேர்ந்த கொலினா குழு.

1995 ஏப்ரல் வரை ஒழுங்கான நீதிமன்ற விசாரணையே இல்லை. நீதிபதி அந்தோனியா சகிகுராய் அதைத் தொடங்கினார். ஜூன் நடுவில், இப்படிப்பட்ட குற்றங்களில் ராணுவத்தினரையும் போலீஸையும் தண்டிக்க முடியாதபடி பொதுமன்னிப்புச் சட்டம் வந்துவிட்டது. இது இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று ஜூன் 16-ல் அவர் உத்தரவு போட்டார். உடனே இரண்டாவது சட்டம்: மன்னிப்பை எந்த நீதிபதியும் கேள்வி கேட்கக் கூடாது! ஜூலையில் மேல் நீதிமன்றம் வழக்கை மூடியது.

உள்நாட்டு வழிகளை முயன்று பார்த்துவிட்டுத்தான் வெளியே போகலாம் என்பது பொது விதி. இங்கே அரசே சட்டம் போட்டு அந்தக் கதவைச் சாத்திவிட்டது, அது தெரியாமல் செய்த உதவி. அந்த ஜூன் மாதமே மனித உரிமை அமைப்புகள் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தில் மனு கொடுத்துவிட்டன. தனி ஆள் நேராக அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போக முடியாது, ஆணையம்தான் வழக்கை அனுப்ப வேண்டும். அது 2000-ல் அனுப்பியது. நடுவில் 1999-ல் அதிபர் ஃபுஜிமோரியின் அரசு, இந்த நீதிமன்றத்துக்கே நாங்கள் கட்டுப்பட மாட்டோம் என்று விலகப் பார்த்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்புறம் அவர் ஜப்பான் போய், அங்கிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார். புதிய அரசு பொறுப்பை ஒப்புக்கொண்டது. ஆட்சி மாறாமல் இருந்திருந்தால் தீர்ப்பு காகிதத்தில்தான் கிடந்திருக்கும்.

2001 மார்ச் 14-ல் வந்த தீர்ப்பு, இழப்பீடு கொடு என்பதோடு நிற்கவில்லை. அந்த இரு சட்டங்களுக்கும் சட்ட மதிப்பே கிடையாது என்றது. இது மற்ற வழக்குகளுக்கும் பொருந்தும் என்று செப்டம்பரில் விளக்கமும் தந்தது. 2009-ல், இந்தக் கொலைகளும் சேர்ந்த வழக்கில் பெரு நீதிமன்றம் ஃபுஜிமோரிக்கு 25 வருடச் சிறை விதித்தது. சரி, அத்தோடு முடிந்ததா? 2023 டிசம்பரில், தனக்கென்று தனியாகக் கொடுக்கப்பட்ட மன்னிப்பின் பேரில் அவர் வெளியே வந்தார். 2025 ஆகஸ்டில், அதே நீதிமன்றம் நிறுத்தச் சொல்லியும் கேட்காமல், பெரு இன்னொரு பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது.

தெற்காசியாவிலிருந்து கேட்கிறீர்கள் என்றால், நமக்கு இப்படியொரு வட்டார நீதிமன்றமே இல்லை. ஐ.நா. மனித உரிமைக் குழுவில் தனிநபர் முறையிடலாம், அதுவும் நாடு தனியாக அதற்குச் சம்மதித்திருந்தால். இந்தியா சம்மதிக்கவில்லை. இலங்கை 1997-ல் சம்மதித்தது. 2006-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே அது அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது.