தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென ஏறும் பி.பி.: தினசரி மாத்திரை தீர்வாகுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. மூன்று ஆண்டுகளுக்கு முன் பனைமரத்திலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் டி4 என்ற இடத்தில் அடிபட்டு, மார்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. கைகள் நன்றாக வேலை செய்கின்றன. சிறுநீருக்கு நிரந்தரமாக டியூப் போட்டிருக்கிறோம். நான்கு மாதங்களாக அவ்வப்போது மண்டை பிளப்பதுபோல் தலைவலி வருகிறது, முகம் சிவந்து வியர்வை கொட்டுகிறது, மூக்கடைக்கிறது. அப்போது பி.பி. 190/110 வரை போய், அரை மணி நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது. மற்ற நேரங்களில் 100/60தான். ஊரிலுள்ள ஒரு கிளினிக்கில் தினமும் போடச் சொல்லி பி.பி. மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தொடங்கியதிலிருந்து சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாலே மயங்கிச் சரிகிறான், தலைவலியும் நின்றபாடில்லை. இது என்ன நோய்? இதற்கு ஆராய்ச்சி ஏதும் நடக்கிறதா?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் அருகருகே எழுதியிருக்கும் இரண்டு அளவுகளே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. வழக்கமாக 100/60 இருப்பவருக்குச் சில நிமிடங்களில் 190/110 ஆகி, பிறகு தானாக இறங்குகிறது என்றால், அது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் இரத்தக் கொதிப்பு அன்று. தண்டுவடத்தில் டி6 அல்லது அதற்கு மேல் (மார்புப் பகுதியை மேலிருந்து கீழாக டி1, டி2 என்று எண்ணுவார்கள்; ஆகவே டி4 என்பது டி6க்கு மேலே இருக்கிறது) அடிபட்டவர்களுக்கு வரும் ‘ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா’ என்ற நிலையின் அடையாளங்கள் அத்தனையும் உங்கள் தம்பிக்கு இருக்கின்றன. நேரில் பரிசோதித்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும் என்றாலும், வேறொன்று நிரூபணமாகும் வரை இதையே மனத்தில் வைத்து நடந்துகொள்வதுதான் பாதுகாப்பு. ஏனெனில் இதைக் கவனிக்காமல் விட்டால் வலிப்பும் மூளையில் இரத்தக்கசிவும் உயிரிழப்பும்கூட நேரலாம்.

அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடம் செத்துவிடுவதில்லை. மூளையோடு உள்ள தொடர்புதான் அறுந்துவிடுகிறது. சிறுநீர்ப்பை நிரம்பி உப்பினால் அந்தச் செய்தி நரம்பு வழியே கீழ்த் தண்டுவடத்துக்கு வந்து சேர்கிறது. தம்பிக்கு அது வலியாகத் தெரியாது. ஆனால் கீழ்த் தண்டுவடம் தன்னிச்சையாகப் பதில் கொடுத்து, வயிற்றிலும் கால்களிலும் உள்ள இரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் எப்படிப் பீய்ச்சுமோ, அப்படி இரத்த அழுத்தம் எகிறுகிறது. கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் இதைக் கண்டுபிடித்து மூளைக்குச் சொல்ல, மூளை ‘குழாய்களைத் தளர்த்து’ என்று கட்டளை அனுப்புகிறது. அந்தக் கட்டளை டி4க்குக் கீழே போய்ச் சேர வழியில்லை. சேரக்கூடிய முகம், கழுத்து, தலை ஆகிய பகுதிகளில் மட்டும் குழாய்கள் விரிவதால்தான் முகம் சிவக்கிறது, மூக்கு அடைக்கிறது. அடுத்த முறை வரும்போது போர்வையை விலக்கிப் பாருங்கள். மேலே முகம் சிவந்திருக்கும் அதே நேரத்தில் கால்கள் வெளுத்து, தோலில் மயிர்க்கூச்செறிந்திருக்கக்கூடும். டி6 என்ற எல்லைக்குக் காரணம், குடலுக்கும் மற்ற வயிற்று உறுப்புகளுக்கும் போகும் பெரிய இரத்தக் குழாய்களை இறுக்கும் நரம்புகள் ஏறத்தாழ அங்கிருந்துதான் புறப்படுகின்றன என்பதே. உடலின் பெரிய இரத்தக் கிடங்கு அது.

மேல் அளவு வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை கூடினாலே இந்த நிலை வந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். ஆகவே உங்கள் தம்பிக்கு 140 என்பதே அதிகம். ‘140தானே, பரவாயில்லை’ என்று யாராவது சொன்னால், வழக்கமான அளவு 100 என்பதை நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

இதில் மருந்தைவிட முக்கியமானது, கீழிருந்து கத்துவது எது என்று தேடுவது. பெரும்பாலும் அது சிறுநீர்ப்பையாகத்தான் இருக்கும், அடுத்தது மலச்சிக்கல். படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், இறுகிய பெல்ட், சூடான பாத்திரம் பட்ட கொப்புளம், தெரியாமலே முறிந்துபோன எலும்பு என்று பட்டியல் நீளும். பயிற்சி மருத்துவராக இருந்தபோது, வார்டில் ஓர் இளைஞர் ‘தலை வெடிக்குது’ என்று அலற, நான் அவசர அவசரமாக மாத்திரை எழுதிக்கொண்டிருந்தேன். அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் என்னைப் பொருட்படுத்தாமல் போர்வையைத் தூக்கி, அவர் தொடைக்கு அடியில் மடங்கி நசுங்கியிருந்த டியூபை எடுத்து நேராக்கினார். பை மளமளவென்று நிறைந்தது. நான் எழுதிய சீட்டு மருந்தகத்துக்குப் போவதற்குள் பி.பி. இறங்கிவிட்டது. தண்டுவடக் காயத்தைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அது.

உங்கள் தம்பிக்கு விபத்து நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தொந்தரவு தொடங்கியதோ நான்கு மாதங்களுக்கு முன்புதான். அப்படியானால் அண்மையில் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது. நான் முதலில் சந்தேகிப்பது சிறுநீர்ப்பைக் கல்லை. டியூப் நிரந்தரமாக இருக்கும்போது அதன்மேல் கிருமிகள் படலமாகப் படிகின்றன. அவற்றுள் புரோட்டியஸ் என்ற வகை யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைப் போக்கிக் காரத்தன்மை ஆக்குவதால், அதிலுள்ள உப்புகள் டியூபின் மேல் சுண்ணாம்புபோல் படிந்து அடைப்பை உண்டாக்குகின்றன, நாளடைவில் கல்லாகவும் வளர்கின்றன. அடுத்த முறை டியூப் மாற்றும்போது, கழற்றிய டியூபின் நுனியைக் கையுறை போட்ட விரலால் தடவிப் பாருங்கள். மணல் ஒட்டியதுபோல் நெறுநெறுவென்று இருந்தால், அதை மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். அப்படி இல்லாவிட்டாலும் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். கல் இருந்தால் அதை அகற்றாத வரை எந்த மாத்திரையும் இந்தத் தலைவலியை நிறுத்தாது.

தலைவலி வரும்போது வீட்டில் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், ‘கொஞ்சம் படு’ என்று படுக்க வைப்பது. இங்கே அதைச் செய்யவே கூடாது. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிடுங்கள். இரத்தம் கால் பக்கம் இறங்குவதால் அழுத்தம் ஓரளவு குறையும். இடுப்புக் கயிறு, பெல்ட், காலுறை, டியூபை ஒட்டிய பிளாஸ்டர் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். பிறகு டியூபை உடலிலிருந்து பை வரை விரலால் பிடித்துக்கொண்டே வாருங்கள். மடிப்பு, முறுக்கு, நிரம்பி வழியும் பை, சிறுநீர்ப்பையைவிட உயரத்தில் மாட்டிய பை இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் படலாம். டியூப் அடைத்திருந்தால், பயிற்சி பெற்றவர் உடல் சூட்டில் உள்ள சலைன் 10 முதல் 15 மில்லி மட்டும் மெதுவாகச் செலுத்திப் பார்க்கலாம். அப்போதும் சிறுநீர் இறங்கவில்லை என்றால் டியூபையே மாற்ற வேண்டும். அடிவயிற்றை அமுக்கியோ தட்டியோ சிறுநீரை வெளியேற்றப் பார்க்காதீர்கள். அது அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடும். சிறுநீர்ப்பையில் குறை இல்லை என்றால் மலம் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லி தடவிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே விரலை நுழைக்க வேண்டும். அவசரப்பட்டால் அந்தத் தூண்டலே நிலைமையை மோசமாக்கும். டியூப் மாற்றும்போதும் இந்த ஜெல்லி அவசியம். தம்பிக்கு வலி தெரியாது என்பதால் பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள், தண்டுவடத்துக்குத் தெரியும் என்பதை மறந்து.

இவ்வளவையும் செய்துகொண்டே இரண்டு முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை பி.பி. பாருங்கள். காரணம் பிடிபடாமல் மேல் அளவு 150க்கு மேலேயே நின்றால் 108ஐ அழைத்து விடுங்கள். உடனடியாக வேலை செய்து சீக்கிரம் அடங்கும் மருந்து அப்போது தேவைப்படலாம். அதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். தம்பி சில்டெனாஃபில் போன்ற ஆண்மைக்குறைவு மாத்திரை அண்மையில் எடுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். அதனுடன், இந்த அவசரத்துக்குக் கொடுக்கப்படும் நைட்ரேட் வகை மருந்து சேர்ந்தால் அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிடும். தலைவலி அடங்கிய பிறகும் இரண்டு மணி நேரம் கண்காணியுங்கள்.

தினசரி மாத்திரைக்கு வருகிறேன். அவசரத்தில் 190ஐப் பார்த்த மருத்துவர் மாத்திரை எழுதியதில் வியப்பில்லை. பொது மருத்துவம் பார்ப்பவர்கள் இந்த நிலையை அரிதாகவே சந்திக்கிறார்கள். ஆனால் டி4இல் காயமுற்றவருக்கு உட்கார்ந்ததும் இரத்தம் கால்களில் தேங்கி அழுத்தம் இறங்குவது ஏற்கெனவே உள்ள பிரச்சினை. நாள் முழுவதும் வேலை செய்யும் மாத்திரை அதை இன்னும் இறக்குகிறது. தம்பி மயங்கிச் சரிவதற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. சில வகைகளைச் சட்டென நிறுத்துவது ஆபத்து என்பதால், நீங்களாக நிறுத்தாமல் இந்த வாரமே மருத்துவரிடம் படுத்த நிலையிலும் உட்கார்ந்த நிலையிலும் எடுத்த அளவுகளைக் காட்டி முடிவு செய்யுங்கள். அதே சந்திப்பில் சிறுநீர்ப் பரிசோதனையில் ‘கிருமி இருக்கிறது’ என்று வந்தால் கலங்க வேண்டாம். டியூப் வைத்திருப்பவர் சிறுநீரில் கிருமி இருப்பது வாடிக்கை. காய்ச்சலோ கூடிவரும் தசை இறுக்கமோ இருந்தால், அல்லது இந்தத் தலைவலிக்கு வேறு காரணமே கிடைக்காவிட்டால்தான் ஆன்டிபயாடிக் தேவை. மற்றபடி கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் மிஞ்சும்.

ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களை ஆராய்ந்த ஹென்றி ஹெட், ஜார்ஜ் ரிடாக் என்ற ஆங்கில மருத்துவர்கள், சிறுநீர்ப்பை நிரம்பும்போது இவர்களுக்கு வியர்வை கொட்டுவதை 1917இலேயே எழுதினார்கள். இரத்த அழுத்தம் ஏறுவதை அளந்து விளக்கியவர்கள் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் பணியாற்றிய லுட்விக் குட்மானும் அவருடன் ஆய்வு செய்த விட்டெரிட்ஜும், ஆண்டு 1947. பின்னர் வந்த விலங்கு ஆய்வுகள், காயத்துக்குப் பிறகு உணர்வு நரம்பிழைகள் கீழ்த் தண்டுவடத்துக்குள் புதிதாகக் கிளைவிடுவதைக் காட்டின. சிறு தூண்டலுக்கும் பெரிய கொந்தளிப்பு எழுவதற்கு இது ஒரு காரணம். சக்கர நாற்காலி விளையாட்டு வீரர்கள் சிலர், இந்த அழுத்த ஏற்றத்தைத் தாமே வரவழைத்துப் போட்டியில் வேகம் கூட்டியதும் உண்டு. பாராலிம்பிக் குழு அதைத் தடை செய்திருக்கிறது. சிறுநீர்ப்பைத் தசையில், அதைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி போடுவதால் இந்தத் தாக்குதல்கள் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டிலும் இது கிடைக்கிறது. தண்டுவட உறையின்மேல் மின்முனைகள் பொருத்தி, உட்காரும்போது இறங்கும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் முறையை சுவிட்சர்லாந்து, கனடா ஆய்வுக் குழுக்கள் 2021இல் வெளியிட்டன. அது நம்பிக்கை தருவதுதான். ஆனால் உங்கள் தம்பிக்கு இன்று பயன்படக்கூடியது வேறு.

அமெரிக்காவின் ஜாக் லாப்பிடஸ் என்ற சிறுநீரக அறுவை நிபுணர் 1972இல் முன்வைத்த எளிய வழி அது: நிரந்தர டியூபை எடுத்துவிட்டு, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, சோப்புப் போட்டுக் கழுவிய கையால் தானே மெல்லிய குழாயை நுழைத்துச் சிறுநீரை இறக்கிவிட்டு உடனே எடுத்துவிடுவது. ஒரு வேளையில் 500 மில்லிக்கு மேல் சேராதபடி குடிநீரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கைகள் நன்றாக உள்ள டி4 காயத்துக்காரருக்கு மூன்று ஆண்டுகளாக இது சொல்லித்தரப்படவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை வருத்திய செய்தி. கல்லும் அடைப்பும் இதில் வெகுவாகக் குறையும். சிறுநீர்ப்பையின் உள்ளழுத்தத்தை அளந்து பார்த்த பிறகே இதற்கு மாற வேண்டும் என்பதால், மறுவாழ்வு மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். 1954இல் சாலை விபத்தில் தாமே இரு கால்களும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் வேலூர் சி.எம்.சி.யில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அத்தகைய ஓரிடம். அரசு மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றிலும் இந்தத் துறை இருக்கிறது.

போவதற்கு முன் ஓர் அட்டையில் இதை எழுதி வையுங்கள்: ‘டி4 தண்டுவடக் காயம். வழக்கமான பி.பி. 100/60. தலைவலியோடு பி.பி. ஏறினால் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. படுக்க வைக்காதீர்கள். முதலில் சிறுநீர் டியூபைப் பாருங்கள்.’ இரவு நேரத்தில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இது பேருதவியாக இருக்கும். அட்டையைத் தம்பியின் சட்டைப் பையிலோ சக்கர நாற்காலியின் கைப்பிடியிலோ வையுங்கள். தலையணைக்கடியில் வைத்தால், ஆம்புலன்சில் ஏற்றும் அவசரத்தில் அது வீட்டிலேயே தங்கிவிடும்.