1865 லண்டன் வரவேற்பறை மேடைக்கு: முதலில் பல்பைக் கழற்றுங்கள்

1865இல் லண்டனில் நடக்கும் நாடகத்துக்கு நடுத்தர வர்க்க வீட்டு வரவேற்பறை போட்டும் 'ஏதோ உதைக்கிறது' என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய மேடைப் படத்தைப் பார்த்தேன். உதைப்பது அந்த மின்விளக்குதான். வீட்டுக்குள் பல்பு எரிந்ததெல்லாம் 1880 வாக்கில். நிலக்கரி வாயு விளக்கோ எண்ணெய் விளக்கோ வையுங்கள்.

அப்புறம், அறை ரொம்பக் காலி. அவர்களுக்கு வெறுமை அழகில்லை. நடுவில் வட்ட மேசை, அதன்மேல் தரையைத் தொடும் விரிப்பு. கணப்புக்கு (குளிர்காயும் அடுப்புக்கு) மேலுள்ள திட்டில் கடிகாரம், கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுப் பூக்கள், மேலே பெரிய நிலைக்கண்ணாடி. கரிப்புகையும் வாயுவும் செடிகளை வாட்டும் என்பதால் பெரணிகளைக்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்த்தார்கள். அந்தப் பெட்டி ஒன்று செய்தால் போதும், காலம் வந்துவிடும்.

வெள்ளைச் சுவர் வேண்டாம். கரும்பச்சை, அடர் சிவப்பு போடுங்கள், கரி படிந்தாலும் தெரியாது. நாற்காலி முதுகில் சின்னப் பின்னல் துணி போட மறக்காதீர்கள். ஆண்கள் தலைக்குத் தடவிய மக்காசர் எண்ணெய் மெத்தையில் ஒட்டாமலிருக்க அது. நம் வீட்டுத் தலையணை உறை எண்ணெய்க்கறையை நினைத்துக்கொண்டேன்!

பியானோ கிடைக்காவிட்டால் அட்டையில் செய்து சுவரோரம் நிறுத்துங்கள். யாரும் வாசிக்காதவரை பிரச்சினை இல்லை.