ஒரே ஓர் உதையால் கோப்பை கைநழுவிய ரக்பி லீக் (அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி வகை) பருவம் எது? அந்த ஆட்டக்காரர்தான் தோல்விக்குக் காரணமா?

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் எளிது: 1967-68 பருவத்தின் சேலஞ்ச் கோப்பை. இங்கிலாந்தின் வடபகுதியில் 1896-97இல் தொடங்கிய இந்த நாக்-அவுட் போட்டியின் இறுதியாட்டம், 1968 மே 11 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் லீட்ஸ் அணிக்கும் வேக்ஃபீல்ட் டிரினிட்டி அணிக்கும் இடையே நடந்தது. இரண்டும் யார்க்‌ஷயரில் அருகருகே உள்ள ஊர்கள். ஒரு வாரத்துக்கு முன்புதான் வேக்ஃபீல்ட், லீக் சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தது. ஆகவே ஒரே பருவத்தில் இரண்டு பட்டங்கள் என்ற வாய்ப்பு அதன் முன்னே இருந்தது.

இரண்டாம் பாதிக்கு என் பதில், இல்லை என்பதே. பழைய ஒளிப்பதிவைப் பலமுறை பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன். இடியுடன் கொட்டிய மழையில் மைதானம் குளமாகிவிட்டது. ஓடும் ஆட்டக்காரர்கள் நிற்க முடியாமல் பல அடி தூரம் சறுக்கிக்கொண்டே போகிறார்கள். எண்பத்தேழாயிரம் பேர் திரண்டிருந்த இறுதியாட்டம் என்பதனால்தான் அதை நடுவர் நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன். அந்தத் தண்ணீரில் பந்து எங்கே போகும் என்பது யாருடைய கையிலும் இல்லை.

அக்காலத்தில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்கும் ‘டிரை’க்கு 3 புள்ளிகள், அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் 2. வேக்ஃபீல்ட் 7-4 என்று முன்னிலையில் இருந்தபோது, லீட்ஸ் அணியின் ஜான் அட்கின்சன் பந்தைத் துரத்துகையில் தடுக்கப்பட்டார் என்று கூறி நடுவர் பெனால்டி டிரை வழங்கினார். லீட்ஸ் பெற்ற டிரை அது ஒன்றுதான்; அதுவும் அவர்கள் கையால் தரையில் வைக்காதது. பெவ் ரிஸ்மன் அன்று கம்பங்களுக்கு நடுவே உதைத்த, தலா 2 புள்ளி பெறும் நான்கு கோல்களே மீதி 8 புள்ளிகளையும் தந்தன. தோல்வியின் காரணத்தைத் தேடுகிறவர்கள் ஏன் இந்த இடத்தில் நிற்பதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் லீட்ஸ் 11-7 என்று முன்னிலை. மறுதொடக்க உதைக்குப் பிறகு வேக்ஃபீல்டின் கென் ஹர்ஸ்ட் பந்தைக் காலாலேயே தள்ளிக்கொண்டு ஓடி, கம்பங்களுக்கு அடியிலேயே டிரை போட்டார். 11-10. நேர் எதிரே நின்று உதைக்க வேண்டிய அந்த இரண்டு புள்ளிகளே கோப்பையைத் தீர்மானிக்கும். டான் ஃபாக்ஸ் உதைத்தார். பந்து கம்பத்துக்கு வெளியே விலகிச் சென்றது. அவர் தலையைப் பிடித்தபடி மண்டியிட, வர்ணனையாளர் எடி வேரிங் பாவம் இந்தப் பையன் என்று பரிதாபப்பட்டார்.

அந்த ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான லான்ஸ் டாட் விருது ஃபாக்ஸுக்கே கிடைத்தது. அதற்கான வாக்குகளைச் செய்தியாளர்கள் அந்த உதைக்கு முன்பே பதிவு செய்துவிட்டிருந்தார்கள். எழுபத்தொன்பது நிமிடங்கள் சிறப்பாக ஆடிய மனிதரை ஒரு நொடியை வைத்து மட்டும் நினைவுகூர்வது நியாயமாகப் படவில்லை. இன்னொன்று: வேக்ஃபீல்டின் வழக்கமான உதைப்பாளர் அவருடைய தம்பி நீல் ஃபாக்ஸ், 1960 இறுதியாட்டத்தில் தனியாளாக 20 புள்ளிகள் எடுத்தவர். காயத்தால் அன்று அவர் ஆடவில்லை. அவர் ஆடியிருந்தால் அந்தக் கடைசி உதைக்கு அண்ணன் பந்தை வைக்கவே நேர்ந்திருக்காது.

1960, 1962, 1963 ஆகிய ஆண்டுகளில் கோப்பையைத் தூக்கிய வேக்ஃபீல்ட், 1979இல் மறுபடி இறுதிவரை வந்து விட்னஸ் அணியிடம் தோற்றது.